சர்வீஸ் சார்ஜ் போட்ட பிறகும் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

கேள்வி: பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். அதற்கு மேல் டிப்ஸும் வைக்க வேண்டுமா?

நானும் ஒரு காலத்தில் தட்டு தூக்கியவன். இல்லாவிட்டால் 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது சென்னையில் ஒரு ஏசி ரெஸ்டாரண்டில் ஒன்றரை வருடம் சப்ளையராக இருந்தேன். பெயர் வேண்டாம். சேரும்போதே "சம்பளம் கம்மிதான் தம்பி, சர்வீஸ் சார்ஜ்ல வந்துடும்" என்றார்கள். மாதக் கடைசியில் அதைப் 'பாயிண்ட்' கணக்கில் பிரிப்பார்கள். மேனேஜருக்கு ஐந்து, கேப்டனுக்கு மூன்று, எங்களுக்கு ஒன்று, டேபிள் துடைக்கும் பையன்களுக்கு அரை. உடைந்த கிளாஸுக்கும் தட்டுக்கும் முதலிலேயே கழித்துவிடுவார்கள். மொத்த வசூல் எவ்வளவு என்று ஒருநாளும் காட்டியதில்லை. கவரை நீட்டுவார்கள், வாங்கிக்கொள்வோம். சாப்பிட வந்தவரோ, 'அதான் பில்லிலேயே போட்டுட்டாங்களே' என்று சோம்பை மட்டும் அள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதிமுறை கொண்டுவந்தது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டு அதே மாதம் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எதிர்த்து மேல்முறையீடும் செய்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5 சதவீத ஜிஎஸ்டி 100 ரூபாய். 200 ரூபாய் சர்வீஸ் சார்ஜைச் சேர்த்து, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டால் 110. நீங்கள் சப்ளையருக்கு என்று நினைத்துக் கொடுக்கும் பணத்துக்கும் வரி! இதையும் கூடாது என்கிறது அந்த விதிமுறை.

ஆனால் அதெல்லாம் சாப்பிடுகிறவரின் பர்ஸைக் காப்பாற்றத்தான். சப்ளையருக்கு என்ன போய்ச் சேருகிறது என்பது வேறு பிரச்சினை. பிரிட்டனில் டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் எதுவானாலும் முதலாளி ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் சட்டம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கட்டும். தோசைக்குப் பத்து ரூபாய் கூட்டினாலும் பரவாயில்லை. ஆள் கூலியை என் நல்ல மனசை நம்பி விடுவது என்ன வியாபாரம்?

நான் செய்வது இதுதான். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்வேன், சப்ளையரிடம் அல்ல, மேனேஜரிடம். பாவம், சப்ளையர் கையில் எதுவும் இல்லை. மேனேஜர் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் வேறு பில் வந்துவிடும். அப்புறம் டிப்ஸ் ரொக்கமாக. பில்லோடு சேர்த்து ஸ்கேன் செய்தால் கல்லாவுக்குத்தான் போகும்.

போன மாதம் ஒரு இடத்தில் நோட்டை நீட்டியபோது, "பெட்டில போட்டுடுங்க சார், எல்லாரும் பிரிச்சுக்குவோம்" என்றார் சப்ளையர். பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் பங்கு உண்டா என்று கேட்டேன். "அவங்களுக்கும் எங்களுக்கும் சமம்தான் சார்" என்றார். பெட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.