ஒரு பக்கம் இழுக்கும் பிரேக்: பழைய டிராக்டர் கேள்வி பதில்

கடலூர் வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பழைய டிராக்டர்களைப் பழுதுபார்த்துவரும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் விவசாயிகள் கேட்ட கேள்விகளும், அவர் அளித்த பதில்களும் இவை. ஒவ்வொரு கேள்வியின் முன்னும் இருப்பது கேட்டவரின் ஊர். பெரும்பாலானவை மாசி ஃபெர்குசன் 35 வண்டியைப் பற்றியவை. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் உட்புறம், சக்கரத்தோடு சுற்றும் 14 அங்குல டிரம்; அதற்குள், டிரம்மில் உரசிப் பிடிக்கும் 2 அங்குல அகல லைனிங் பொருத்திய ஷூ; அந்த ஷூவை ராடு வழியாக விரிக்கும் தனிப் பெடல் என்பதே அதன் பிரேக் அமைப்பு.

குறிஞ்சிப்பாடி: ஐயா, இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. இடப்பக்கத்தை எத்தனை முறை இறுக்கினாலும் சில நாள்களில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. என்ன செய்வது?

வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்றால், வலப்பக்க பிரேக் பிடிக்கிறது, இடப்பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள். இறுக்கிய பிறகும் மீண்டும் மீண்டும் அதே பக்கம் கைவிடுகிறது என்றால், பெரும்பாலும் அங்கே லைனிங் தேயவில்லை, ஆயில் இறங்கியிருக்கிறது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன், இடப்பக்கச் சக்கரத்தின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மற்ற இடத்து மண் காய்ந்து உதிரும்போது, டிரம்முக்குப் பின்னாலிருக்கும் தகட்டின் அடியில் மட்டும் மண் கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால், ஆக்ஸில் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் போய்விட்டது. அந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் ஷூ எண்ணெய்ப் பூச்சின் மேல் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

சீலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆக்ஸில் பேரிங் ஆட்டம் கண்டிருந்தால் புதுச் சீலும் அடுத்த பட்டத்துக்குள் கிழியும்; சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலும் அதே கதிதான். பின்ஆக்ஸில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றப் பிரஸ் தேவைப்படும் என்பதால், இதைக் களத்துமேட்டில் உளியும் சுத்தியலும் கொண்டு செய்யாமல் பட்டறையில் கொடுப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெட்ட பக்கத்தைச் சரிசெய்ய முடியாமல், நன்றாகப் பிடிக்கும் பக்கத்தைத் தளர்த்தி இரண்டையும் சமமாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி நேராகத்தான் போகும், நிற்காது.

பாகூர்: ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டித் திரும்பப் போடலாமா?

கூடாது. கழுவினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்ததுபோல் தெரியும். டிரம் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடியும் வெளியே கசியும். வாட்டினால் லைனிங்கே பலமிழந்து நொறுங்கும். மாற்றும்போது இரு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே வகை லைனிங்காக மாற்றுங்கள்.

புவனகிரி: சம்பா நடவுக்குச் சேறடித்துவிட்டுச் சாலைக்கு ஏறினால் பிரேக்கே இல்லாததுபோல் இருக்கிறது. காலையிலோ தொட்டதும் கவ்வுகிறது.

இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். வயலை விட்டு ஏறியதும், ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில் பெடலை இலேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் டிரம் சூடேறி ஈரம் காயும். இரவில் நின்ற வண்டியின் டிரம்மில் மெல்லிய துரு படிவதால்தான் காலையில் கவ்வுகிறது. சில முறை மிதித்ததும் அது போய்விடும். போகாவிட்டால் திறந்துதான் பார்க்க வேண்டும். கடலோர உப்புக் காற்று வீசும் ஊர்களில், நடவு முடிந்த கையோடு டிரம்மைக் கழற்றிச் சேற்றை எடுத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்: பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுகியே நிற்கிறது, டிரம் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது.

ஷூவை விரிக்கும் கேம் தண்டு அதன் புஷ்ஷில் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஷூவை இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ராடைக் கழற்றிவிட்டுக் கேமின் கையைத் தனியாக அசைத்துப் பாருங்கள். அது தானாகத் திரும்பாவிட்டால் குற்றவாளி கேம்தான். அதைக் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, மிகச் சிறிதளவு கிரீஸ் மட்டும் தடவுங்கள். அதிகமாகத் தடவினால் அது லைனிங்குக்குத்தான் போய்ச் சேரும்.

பண்ருட்டி: லைனிங் தேய்ந்தால் ராடைக் குட்டையாக்கிப் பெடலை மேலே கொண்டுவந்தால் போதாதா?

இது பலரும் செய்யும் தவறு. ராடைச் சுருக்கினால், கேம் ஏற்கெனவே பாதி திரும்பிய நிலையிலிருந்து வேலையைத் தொடங்கும்; அப்புறம் ஷூவை முழுவதுமாக விரிக்க அதற்கு இடமிருக்காது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்குகட்டையும் வைத்த பிறகு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கர அட்ஜஸ்டரைச் சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு சக்கரம் உரசாமல் சுற்றும்வரை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்துங்கள். மறு சக்கரத்துக்கும் இதையே செய்த பின்னர்தான், இரு பெடல்களும் ஒரே உயரத்தில் நிற்கும்படி ராடைத் தொட வேண்டும்.

நெல்லிக்குப்பம்: கரும்பு லோடு டிரெய்லரோடு ஆலைக்குப் போகும்போது பிரேக் போதவில்லை.

உங்கள் பிரேக்கில் குறை இல்லாமலும் இருக்கலாம். டிராக்டரை விடப் பல மடங்கு கனமான பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது, இரண்டு அங்குல லைனிங் என்ன செய்யும்? சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடாதீர்கள். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த இரு பெடல்களையும் சாலைக்கு ஏறும் முன் கொண்டியால் இணைத்தீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும்.

திருக்கனூர்: டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து எடுக்கலாமா?

வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீரால் நன்றாக நனைத்து ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். துணியையும் ஈரத்தோடே பையில் கட்டிவிடுங்கள்.