பதில்: வேல்ஸில் உள்ள இனிஸ்ஹிர் உணவகத்தில் மனைவிக்குச் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்காது. கல்யாண நாள் என்று சொல்லி மறுபடி மெயில் போட்டாலும் பதில் மாறாது, அதனால் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

காரணம் அலட்சியம் இல்லை. மஹன்லெத் ஊர்ப் பக்கம் இருக்கும் அந்த இடத்தில் தலைமைச் சமையல்காரர் கரெத் வார்டின் சமையலே மாட்டுக்கொழுப்பு, மீன், சோயா என்று ஜப்பானியச் சாயலில் போகிறது, ஒவ்வொரு வாயாக இரவு முழுக்க வந்துகொண்டே இருக்கும், அதில் மாமிசத்தை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது. 2022-இல் வேல்ஸுக்கு முதன்முதலாக இரண்டு மிஷெலின் நட்சத்திரம் (உணவகங்களுக்குத் தரும் உயர்ந்த மதிப்பீடு) வந்ததும் இந்தச் சமையலுக்குத்தான்.

அதற்குப் பதிலாக வேல்ஸிலேயே மன்மத்ஷயரில் இருக்கும் தி வைட்புரூக் உணவகத்தைப் பாருங்கள். அங்கே சமையல்காரர் க்ரிஸ் ஹாரட் சுற்றியுள்ள காட்டிலும் வேலியோரத்திலும் பறித்த தழைகளை வைத்துச் சமைப்பவர், காய்கறிக்கு அங்கே உண்மையான மரியாதை உண்டு, இரவு தங்குவதற்கு அறையும் உண்டு. என்ன, இனிஸ்ஹிரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பதிவு செய்யும்போது 'சைவம்' என்று மட்டும் எழுதாமல் இறைச்சிச் சாறு, மீன் சாறு, ஜெலட்டின் கூடாது என்று பிரித்து எழுதிப் பதில் வாங்குங்கள். முட்டையும் ஆகாதென்றால் அதையும் சொல்லுங்கள், அங்கே முட்டை சைவக் கணக்கு. அப்புறம் சீஸ்: பார்மஜான் போன்றவற்றில் பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் சேரும்.