கோடி ஆட்-ஆன் களஞ்சியத்துக்கு என்னென்ன விதிகள் வைக்கலாம்?

நாலைந்து பேர் எழுதும் ஆட்-ஆன்களை (கோடிக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) ஒரே களஞ்சியத்தில், அதாவது பயனர்கள் அவற்றை நிறுவிக்கொள்ளும் ஒரே இடத்தில், சேர்க்கப் போகிறீர்கள், விதி எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். கோடியின் (நூறு லட்சம் இல்லை, 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று இருந்ததே, படமும் பாட்டும் ஓட்டும் அந்த மென்பொருள்) அதிகாரபூர்வக் களஞ்சிய விதிகளையே முதலில் பாருங்கள்.

அங்கே திருட்டுப் படம் காட்டும் ஆட்-ஆனுக்கு இடமில்லை. இதில் பேச்சே வேண்டாம்.

நான் அதிகம் வலியுறுத்துவது கோடு (நிரல் வரிகள்) யாரும் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான். ஆட்-ஆன் என்பது பெரும்பாலும் பயனரின் கணினியில் ஓடும், பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல். கோடி அதைத் தனியாகப் பூட்டி வைப்பதில்லை. அவருடைய கோப்புகளை அது படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். அதனால் மறைத்து எழுதிய கோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாத எக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகள் எதையும் ஏற்காதீர்கள். களஞ்சியத்தைத் தாண்டித் தானே அப்டேட் செய்துகொள்ளும் ஆட்-ஆனும் கூடாது: நீங்கள் சரிபார்த்தது ஒன்று, பயனருக்குப் போவது வேறொன்று என்றாகிவிடும்.

அப்புறம் ஆட்-ஆனின் விவரங்களைச் சொல்லும் ஆடான்.எக்ஸ்எம்எல் (addon.xml) கோப்பில் உரிமம், பதிப்பு எண் இரண்டும் கட்டாயம். எண்ணைக் கூட்டாமல் கோடை மட்டும் மாற்றினால் பழைய பயனர்களுக்கு அப்டேட்டே போகாது. 2021இல் வந்த கோடி 19ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் 3 மட்டும்தான் ஓடும். பைத்தான் 2இல் எழுதிய பழைய ஆட்-ஆன்களைக் களஞ்சியத்தின் தனிக் கிளையில் வையுங்கள்.

எழுதியவரே தன் ஆட்-ஆனுக்கு ஒப்புதல் தரக் கூடாது, அவர் உங்கள் நண்பரே ஆனாலும் சரி.