ஆங்கிலத்தில் இரண்டு ‘யூ’ அடுத்தடுத்து வரும் சொல், வெற்றிடத்தைக் குறிக்கும் வேக்குவம் மட்டும்தானா?

இல்லை, இன்னும் இருக்கின்றன. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் மூன்று யூ கைக்கு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்த பிறகு கேட்டிருப்பீர்கள். எனக்கும் இந்தக் கேள்வி அப்படித்தான் வந்தது.

எங்கள் வீட்டில் சித்தப்பாவை யாரும் ஜெயித்ததில்லை. ஒருநாள் என்னிடம் இருந்த ஏழு கட்டைகள்: டி, யூ, யூ, எம், வி, ஐ, ஆர். பலகையில் காதைக் குறிக்கும் ‘இயர்’ கிடந்தது. அதன் முன்னால் டி வைத்து ‘டியர்’ ஆக்கி, அந்த டி-யிலிருந்து கீழ்நோக்கி மற்ற ஆறையும் வரிசையாக இறக்கினேன். டியூஅம்வர்.

“என்னம்மா இது? வேக்குவத்தைத் தவிர எதுலயும் ரெண்டு யூ சேர்ந்து வராது. எடு.”

“அகராதியைப் பாருங்க சித்தப்பா.”

பார்த்தார். பண்டைய ரோமில் ஒரே பதவியைச் சேர்ந்து வகித்த இருவரில் ஒருவர் என்று போட்டிருந்தது. எழுத்துகளுக்கு 13, ஏழையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50. ஒன்றும் பேசாமல் புள்ளித்தாளை என் பக்கம் தள்ளினார்.

அகராதியை நெட்டுருப் போடுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று யாராவது வருவீர்கள். நான் நெட்டுருப் போடவில்லை. வேக்குவம், கன்டினுவம், ரெசிடுவம் எல்லாம் லத்தீன். அங்கே சொல்லின் அடியே யூ-வில் முடிகிறது, அதன்மேல் யூ-எம் என்ற விகுதி ஏறுகிறது. டியூஅம்வரில் முன்பாதி ‘இருவருடைய’, பின்பாதி ‘ஆண்’. இது புரிந்தால் சொல் மறக்காது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் நான் சரியாக எழுதிய வேக்குவத்தை ஓர் ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, ஒரு யூ-வை எடுத்துவிட்டு இன்னொரு சி சேர்த்தார். அரை மதிப்பெண் போயிற்று. அகராதியைக் கொண்டுபோய்க் காட்டியும் திருத்தவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அது இன்னும் ஆறவில்லை.

சரி, ஹவாய்த் தீவுகளின் தொளதொள கவுனான மூமூ வேறு வகை. அந்த மொழியில் இரண்டு யூ-வுக்கும் நடுவே தொண்டையை அடைத்துத் திறக்கும் ஓர் ஒலி உண்டு. அதற்கான சின்னக் குறி ஆங்கிலத்துக்கு வந்தபோது உதிர்ந்துவிட்டது, யூ இரண்டும் ஒட்டிக்கொண்டன. எம்-யூ-யூ-எம்-யூ-யூ. ஆங்கில ஸ்கிராபிள் பெட்டியில் இருப்பதே நான்கு யூ, இரண்டு எம். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை கலக்காமல் இந்தச் சொல்லை வைக்க அத்தனையும் வேண்டும். எழுத்துகளின் மதிப்பு 10 மட்டும்தான். இருந்தாலும் சித்தப்பா எதிரில் இருக்கும்போது ஒரு தடவையாவது அதை வைத்துவிட வேண்டும் எனக்கு.