வில்லுப்பாட்டுக்கு நல்கை கிடைக்குமா?

கேள்வி: பள்ளிகளில் கதை சொல்பவள் நான், வயது 32. எங்கள் ஊர்க் குளத்தின் கதையைப் புதிய வில்லுப்பாட்டாக அமைக்க விரும்புகிறேன். மூத்த புலவர்களிடம் மெட்டுக் கேட்டு எழுதவே ஆறு மாதம் பிடிக்கும். இதற்குச் சிறு நிதி தருவோர் உண்டா?
– வாசகி, சாத்தான்குளம்

பதில்: உண்டு. மத்திய கலாசார அமைச்சகம் நாட்டுப்புறக் கலை உள்ளிட்ட துறைகளில் 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு மாதம் 10,000 ரூபாயும், 40 வயதைக் கடந்தோருக்கு 20,000 ரூபாயுமாக இரண்டு ஆண்டுகளுக்கு நல்கை வழங்குகிறது. தங்களுக்கு மொத்தம் 2,40,000 ரூபாய் வரும். ஆனால் இது ஆய்வை முன்னிறுத்தும் திட்டம் என்பதால், மேடையேற்றும் செலவை மட்டும் காட்டினால் எடுபடாது. மெட்டுகளைத் தேடித் தொகுக்கும் வேலையையே முதன்மையாக எழுதுங்கள்.

பெங்களூரில் 1993-ல் தொடங்கப்பட்ட 'இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்' என்னும் அரசு சாரா அமைப்பு, கலை ஆய்வுக்கும் புதிய படைப்புக்கும் தனித்தனியே நல்கை தருகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. மிகச் சிறிய தொகை போதுமென்றால் 2009-ல் பாஸ்டனில் தொடங்கிய 'ஆசம் ஃபவுண்டேஷன்' இருக்கிறது. பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு யோசனைக்கு 1,000 டாலரை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். படைப்பின் மீது எந்த உரிமையும் கோருவதில்லை.

கேள்வி: செலவுக் கணக்கில் எனக்கென்று ஊதியம் எழுதினால் பேராசை என்று நினைக்கமாட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எழுதாவிட்டால்தான் ஐயம் எழும். நான் பார்த்த கணக்கு ஒன்றில் குடம், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டு என ஒவ்வொருவருக்கும் சம்பளமும், பனை வில்லில் கட்டும் மணிகளுக்கு விலையும், ஒலிபெருக்கி வாடகையும் பைசா பிசகாமல் இருந்தன. பாட்டை எழுதி முன்னின்று பாடப்போகிறவரின் பெயருக்கு நேரே மட்டும் ஒரு கோடு! ஆறு மாதம் அவர் எதைக் கொண்டு வயிறு வளர்ப்பார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை இல்லை. பாதியில் நின்றுபோகும் வேலை என்றே படிப்பவர் முடிவு செய்வார். சிறு நல்கை வாங்கித் தருவது பெரும்பாலும் நேரத்தைத்தான், ஆகவே தங்கள் நாட்களுக்கு விலை போடுங்கள். புலவர் வீட்டுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும், கற்றுத் தரும் அவருக்கான தட்சிணையையும் விட்டுவிடாதீர்கள். கோயில் கொடை விழா நடக்கும் மாதங்களில் புலவர்களுக்கு இரவு உறக்கமே இராது. அந்த மாதங்களை எழுத்து வேலைக்கு ஒதுக்கிக் காட்டினால், களம் அறிந்தவர் என்பது தானே விளங்கும்.

கேள்வி: எனக்கு வயது 24. பிரதமரின் 'யுவா' திட்டத்தில் வில்லுப்பாட்டுக்கு இடமுண்டா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: மேடைக்கு இல்லை. அது 30 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்கள் புத்தகம் எழுதுவதற்கானது. 2021-ல் முதன்முறை அறிவித்தபோது 75 பேருக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்கு என்று வகுத்திருந்தார்கள். அவர்கள் தரும் பொருளில்தான் எழுத வேண்டும். முதல் முறை அது விடுதலைப் போராட்டமாக இருந்தது. ஆகவே அறிவிப்பு வரும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன் பொருளைப் பாருங்கள்.