பாட்டி புரிந்துகொண்டாளாம்!

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில் வசிக்கிறேன். பிளஸ் டூ, வயது 17. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பிரபஞ்சம் எப்படி வந்தது என்பதை அறிவியல் சொல்லிவிட்டது. கோயில், சர்ச், மசூதி எல்லாமே மனிதனைப் பிரிக்கிற அமைப்புகள். பெரியார் வழிதான் என் வழி. விபூதி வைப்பதில்லை. கண்புரை முற்றிய பாட்டியை வெள்ளிக்கிழமைதோறும் கோட்டைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதையும் மூன்று மாதமாக நிறுத்திவிட்டேன், பாட்டி புரிந்துகொண்டாள். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அப்பாவும் அம்மாவும்தான் தினமும் திட்டுகிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, நீ அனுப்பிய முழுக் கடிதம் இரண்டு பக்கம். பிரபஞ்சத்துக்கு ஒன்றரைப் பக்கம், பாட்டிக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியும் ‘புரிந்துகொண்டாள்’ என்று முடிகிறது.

என்னத்தைப் புரிந்துகொண்டார்? நீ கொள்கை பேசியிருப்பாய். ‘சரிடா கண்ணு, எனக்கும் முட்டிவலிதான்’ என்று சொல்லியிருப்பார். கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் வயதானவர்கள் கேட்பதை விட்டுவிடுவார்கள். அதை உன் கட்சிக்கு விழுந்த ஓட்டாக எண்ணிக்கொள்ளாதே.

கடவுள் வழக்கில் நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. நான் கோயிலுக்குப் போகிறவள். நீ வராததால் சாமிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விபூதி வேண்டாமென்றால் வைக்காதே. மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே கொடுத்திருக்கிறது. மதத்தின் பேரால் நடக்கிற வியாபாரம் பற்றி நீ எழுதியதில் பாதி எனக்கும் சம்மதம்.

ஆனால் கண்புரை முற்றும்வரை வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அறிவியல் அறிவியல் என்கிறாயே, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதும் அறிவியல்தான். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பெருவெடிப்பைப் பற்றி எனக்கு எழுதுகிறாய்! (அப்பா, அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. விபூதிக்காக தினமும் திட்டுகிறவர்கள், கண்ணுக்காக ஒருநாள் லீவு போட்டிருக்கலாம்.)

ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்துபோகும் நேரத்தில், அந்த நட்சத்திர ஒளி சட்டென்று மங்கியதைத் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி ஒளியை மறைக்கிற வளையங்கள் இருப்பது அப்படி மங்கியதைக் கவனித்ததில்தான் தெரியவந்தது. உன் வீட்டிலும் ஒருத்தருக்கு வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நீ என்ன கவனித்தாய்?

பெரியார் வழி என்கிறாய். அவர் உயிர் பிரிந்தது உன் ஊரில்தான், 1973 டிசம்பர் 24, சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். ஐடா ஸ்கடர் என்கிற மிஷனரி டாக்டரம்மா 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது. 94 வயது நாத்திகருக்கு அங்கே வைத்தியம் பார்த்தார்கள்; யார் கொள்கையும் அதில் கெட்டுப்போகவில்லை. கிழவி ஒருத்தியின் கையைப் பிடித்தால் உன்னுடையது மட்டும் கெட்டுப்போகுமா?

எடுத்து வளர்த்தவருக்குக் கண் போனால் வளர்ந்த பிள்ளைதான் கண். ஆத்திகன், நாத்திகன் என்று இதில் தனித்தனிச் சட்டம் கிடையாது. பழைய பஞ்சாங்கம் என்று நீ நினைத்தாலும் சரி, நான் மாற்றிக்கொள்ளப்போவதில்லை.

இன்னொன்று. ‘கல்லுக்குள் என்ன இருக்கிறது’ என்று வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறாய். உன் பாட்டி போகிற கோட்டைக் கோயிலில், அதாவது ஜலகண்டேசுவரர் கோயிலில், கருவறையில் அந்தக் கல்கூட இல்லாமல் பல தலைமுறை கழிந்தது. 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். உன் பாட்டி வேலூர்க்காரர் என்றால் வெறும் கருவறையாக அது கிடந்த காலத்தையும் பார்த்திருப்பார். அப்போது எதை நினைத்துக் கும்பிட்டார்கள் என்று அவரிடம் கேள். உன் யூடியூப்காரர்களிடம் இதற்குப் பதில் இருக்காது.

இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப்போ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டைக்கும் போ. உள்ளே வர மனமில்லையென்றால், உள்ளே போகிற யாராவது பெண்மணியிடம் பாட்டியை ஒப்படைத்துவிட்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து ஃபிசிக்ஸ் படி. அகழியைத் தாண்டும்போது வண்டிகள் வரும். பாட்டியை ஓரமாக விட்டு நீ ரோட்டுப் பக்கம் நட.