கை நுழையாத இடங்கள்: மோட்டார் சைக்கிள் பராமரிப்பு கேள்வி பதில்

கேள்வி: எனது நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதற்குச் சீட்டு, பெட்ரோல் டேங்க், ஏர் ஃபில்டர் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கிறது. அவ்வளவையும் கழற்றிய பிறகும் நடுவில் உள்ள இரண்டு பிளக்குகளை எட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலையையே எட்டாத இடத்தில் வைத்து ஏன் வடிவமைக்கிறார்கள்? இவ்வளவையும் கழற்றாமல் வேலையை முடிக்க வழி இல்லையா?

பதில்: உங்கள் எரிச்சல் முற்றிலும் நியாயமானது, அதை உங்கள் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டாம். நான்கு சிலிண்டர்களும் குறுக்கு வரிசையில் நிற்கும் எஞ்சினில், காற்று நேரான பாதையில் உள்ளே இறங்கினால்தான் நல்ல சக்தி கிடைக்கும் என்பதால், ஏர் ஃபில்டர் பெட்டியை எஞ்சின் தலைக்கு நேர் மேலே வைக்கிறார்கள். அதன் மேல் டேங்க் அமர்கிறது. ஓட்டுபவரின் முழங்கால்கள் அகலாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இருபுறமும் சட்டம் நெருங்கி வருகிறது. மிச்சமிருக்கும் சந்துகளையும் ஏபிஎஸ் பிரேக் கருவியும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியும் நிரப்பிவிடுகின்றன. தொழிற்சாலையில் வெறும் சட்டத்தில் எஞ்சினை முதலில் பொருத்திவிட்டு மற்றவற்றை அதன் மேல் அடுக்குகிறார்கள். அங்கே பொருத்துபவருக்கு நான்கு பக்கமும் திறந்திருக்கும்; நீங்களோ அத்தனையும் அடுக்கி முடிந்த பிறகு மேலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

வேறு விதமாக வடிவமைக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. பி.எம்.டபிள்யூ 1923ஆம் ஆண்டிலிருந்து செய்துவரும் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இரு பக்கமும் வெளியே நீண்டிருப்பதால், டேங்கைத் தொடாமலேயே டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வு இடைவெளியை, சரிபார்த்துவிடலாம். மோட்டோ குட்ஸியின், இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் இரு பக்கமும் விரியும் குறுக்கு வி-ட்வின் எஞ்சின்களிலும் இதே வசதி இருக்கிறது. இன்னொரு வழி, வேலையையே அடிக்கடி வராமல் தள்ளிப்போடுவது: டுகாட்டி நிறுவனம் தனது மல்டிஸ்ட்ராடா வி4 வண்டிக்கு வால்வு இடைவெளிப் பரிசோதனையை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறது. மூடிய வெளிப்புறமும் ஒடுங்கிய உருவமும் கொண்ட வண்டிகளுக்கு இதுதான் நேர்மையான தீர்வு என்பது என் கருத்து. எட்டாத இடத்தில் வைப்பவர்கள், அங்கே அடிக்கடி போக வேண்டிய தேவையையாவது குறைக்க வேண்டும்.

கழற்றாமல் செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வண்டிகளில் டேங்கின் பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்தாலே போதும்; உங்கள் சர்வீஸ் கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் அவ்வாறே செய்யுங்கள். சொல்லவில்லை என்றால், சந்து வழியாகக் கையை நுழைத்து மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். எஞ்சின் தலை அலுமினியம். பிளக்கின் மரை எஃகு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளக்கைச் சாய்வாக வைத்து ஸ்பேனரால் திருகினால், மரை ஏறுமாறாக ஏறி, எஃகு அலுமினியத்தைச் சிதைத்துவிடும். அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய், தலையையே இறக்கி மரையைப் புதுப்பிக்கும் நிலை வந்துவிடும்.

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்குங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடை இருப்பதால், 15 லிட்டர் நிரம்பிய டேங்கில் பெட்ரோல் மட்டுமே 11 கிலோவுக்கு மேல் வரும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால், எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதைக் கையேட்டில் உள்ளபடி வெளியேற்றிவிட்டு, இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு கழற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மணலும் தூசியும் சேர்ந்திருக்கும் என்பதால், பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லையேல் அவை நேராகச் சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கின் மேல்முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அந்தக் குழாயை விரல்களால் சுழற்றி மரையில் ஏற்றுங்கள். மரை சரியாகப் பிடிக்காவிட்டால் பிளக் நகராமல் குழாய் மட்டும் வழுக்கிச் சுழலும். ஸ்பேனரில் கிடைக்காத எச்சரிக்கை இது. கையால் முழுவதும் ஏறிய பிறகு, பிளக் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

ஒருமுறை டேங்கை இறக்கினால், அதன் அடியில் உள்ள எல்லா வேலைகளையும் அன்றே முடித்துவிடுங்கள். ஏர் ஃபில்டர், பிளக், கூலன்ட் குழாய்கள், ஆக்சிலரேட்டர் கேபிள், சட்டத்தில் உரசித் தேயும் வயர்கள் ஆகியவற்றையும், கிலோமீட்டர் கணக்கு நெருங்கியிருந்தால் டேப்பட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கையேட்டின் அட்டவணை வேலைகளைத் தூரத்தின்படி பிரிக்கிறது. நீங்கள் எதைக் கழற்றினால் எதெல்லாம் தெரிகிறது என்பதன்படி அவற்றைச் சேர்த்துக்கொண்டால், பாதிச் சலிப்பு குறைந்துவிடும்.

கேள்வி: ஏர் ஃபில்டர் பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாயின் கிளாம்ப் ஸ்க்ரூ, சட்டத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் நேராக உட்காராமல், தலையின் பள்ளம் தேய்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்க்ரூவின் தலையைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். கூட்டல் குறிக்கு அருகே சிறிய புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பானியத் தர அளவான ஜேஐஎஸ் வகை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் அடிவரை இறங்காமல் வழுக்கும். பள்ளம் தேய்வதற்குக் கோணத்தைவிட இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஜேஐஎஸ் முனை கொண்ட நீளமான டிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கழன்ற பிறகு கிளாம்ப்பைப் பழைய திசையிலேயே மாட்டாமல், ஸ்க்ரூவின் தலை வெளிப்பக்கத்தைப் பார்க்கும்படித் திருப்பி மாட்டுங்கள். குழாயில் கிளாம்ப்பின் இடத்தைக் குறிக்கும் மேடு இருந்தால் மட்டும் அதை மீற வேண்டாம். தேய்ந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாக அதே மரையும் நீளமும் கொண்ட, தலையில் அறுகோணக் குழி உள்ள அலன் ஸ்க்ரூ போடலாம். அதற்கு உருண்டை முனை கொண்ட அலன் கீ சாய்வாகவும் சுழலும் என்பதால் இத்தகைய சந்துகளுக்கு ஏற்றது. ஆனால் இறுகிய ஸ்க்ரூவை முதலில் தளர்த்துவதற்கும் கடைசியாக இறுக்குவதற்கும் அலன் கீயின் தட்டை முனையையே பயன்படுத்துங்கள், உருண்டை முனையின் மெல்லிய கழுத்து முறிந்துவிடக்கூடும். பெட்டியை எடுத்தவுடன் எஞ்சினின் காற்று வாய்களில் நூல் பிரியாத, நிறம் பளிச்சென்று தெரியும் துணியை அடைத்துவிடுங்கள். அலுமினிய வாஷர் ஒன்று அதற்குள் விழுந்தால் காந்தத்தால் எடுக்க இயலாது.

கேள்வி: ஆயில் ஃபில்டர் சைலன்சர் குழாய்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒவ்வொரு முறையும் பழைய ஆயில் குழாய்கள் மேல் வழிகிறது. தவிர்க்க முடியுமா?

பதில்: இந்த அமைப்பை மட்டும் என்னால் நியாயப்படுத்த இயலவில்லை; அடிக்கடி மாற்றும் பொருளை வண்டியிலேயே மிகச் சூடான பாகத்தின் பின்னால் வைப்பது வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு. ஆயிலை முழுவதும் வடியவிட்ட பிறகு, கெட்டியான அலுமினியத் தகட்டை மடித்து ஃபில்டருக்கு அடியிலிருந்து குழாய்களுக்கு வெளியே வரும்படி ஓடைபோல் வைத்துவிட்டு, ஃபில்டரை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்து கழற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் ஆயில் பீறிட்டு வெளியேறும். குழாய்களை எஞ்சினை இயக்குவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். துணி எட்டாத இடத்தில் தங்கிய ஆயில் சிறிது நேரம் புகைந்து அடங்கிவிடும். புகை அடங்காமல் தொடர்ந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, ஃபில்டரின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.